ஆப்பிரிக்க நாடுகளின் மக்கள்தொகை: எந்த எண்ணை எடுத்து சார்ட் போடுவது?

தக்கலை_டீச்சர்

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆப்பிரிக்க நாடுகளின் மக்கள்தொகையும் வளர்ச்சியும் பற்றி ஒரு அட்டவணை, ஒரு வரைபடம் செய்கிறார்கள். மொத்தம் 54 நாடு. எண் திரட்டும்போது மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது, எண்கள் ஒத்துப்போகவில்லை. எகிப்துக்கு ஒரு இடத்தில் 10.7 கோடி, இன்னொரு இடத்தில் 11.65 கோடி. உகாண்டாவுக்கு 4.59 கோடி, 5 கோடி என்று இரண்டு. எல்லாமே 2024-க்கான எண் என்றுதான் போட்டிருக்கிறது. எதை எடுக்க?

இரண்டாவது, மாவட்டக் கையேட்டில் கன்னியாகுமரியின் மக்கள்தொகை வளர்ச்சி 11.6 சதவீதம். ஆப்பிரிக்காவுக்கு 2.3 சதவீதம். "அப்போ நம்ம மாவட்டம் ஆப்பிரிக்காவை விட அஞ்சு மடங்கு வேகமா பெருகுதா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பத்தாண்டுக்கும் ஓராண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே அட்டவணையில் இரண்டையும் சரியாக எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது?

மூன்றாவது, வரைபடத்தில் நாடுவாரியாக வட்டம் போடலாம் என்று பார்த்தால் நைஜீரியா வட்டம் மேற்கு ஆப்பிரிக்காவையே மூடிவிடுகிறது. சிஷெல்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை.

செய்முறையாகச் சொன்னால் நல்லது.

---

கோட்டாறு_எண்கணக்கு

டீச்சர், 54 நாட்டுக்கும் ஒரே மூலம், ஒரே பதிப்பு, ஒரே தேதி. இதை முதல்ல முடிவு பண்ணிடுங்க, பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா கூகுள்ல தேடி எழுதினா ஒண்ணு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணா இருக்கும், ஒண்ணு அந்த நாட்டு அரசோட மதிப்பீடா இருக்கும், ஒண்ணு ஐ.நா. எண்ணா இருக்கும். வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பும்.

பள்ளி வேலைக்கு ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு வெளியிடும் "வேர்ல்ட் பாப்புலேஷன் ப்ராஸ்பெக்ட்ஸ்" போதும். 2024 பதிப்பு ஜூலை 11 அன்று வந்தது. அவங்க தளத்துல டவுன்லோட் பக்கத்துல "காம்பாக்ட்" என்று குறித்த எக்செல் கோப்பு ஒண்ணு இருக்கும். அதை எடுத்தா மொத்த மக்கள்தொகை, வளர்ச்சி வீதம், பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். வழக்கமா சறுக்குற இடங்களைச் சொல்லிடறேன்.

கோப்பைத் திறந்ததும் மேலே பதினாறு வரி விளக்கம்தான். நிரல் தலைப்பு 17-ஆவது வரியில். ஃபில்டரை அந்த வரியில போடணும்.

முதல் தாளில் 1950 முதல் 2023 வரைதான் இருக்கும். அது மதிப்பீடு. 2024-லிருந்து முன்கணிப்பு, அது "மீடியம் வேரியன்ட்" (நடுத்தரக் கணிப்பு) என்ற அடுத்த தாளில். 2024 எண் காணோம்னு முதல் தாளிலேயே தேடிக்கிட்டு இருக்காதீங்க. அதுக்கும் அப்புறம் "ஹை", "லோ" என்று வேற தாள்கள் வரும். அதைத் தொடாண்டாம்.

மக்கள்தொகைக்கு இரண்டு நிரல் இருக்கும்: ஜனவரி 1, ஜூலை 1. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுறது ஜூலை 1. வேகமா வளர்ற நாட்டில் இந்த ஆறு மாதமே வித்தியாசம் காட்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு அது 15 லட்சத்துக்கும் மேல்.

எண்கள் எல்லாம் ஆயிரத்தில். நைஜீரியாவுக்கு 2,32,679 என்று இருந்தா அது 2 லட்சம் இல்லை, 23.27 கோடி. கோடியாக்க 10,000-ஆல வகுக்கணும், லட்சமாக்க 100-ஆல. இங்கிலீஷ் பக்கங்களில் பில்லியன் என்று வந்தா 100 கோடி, மில்லியன் என்றா 10 லட்சம். பிள்ளைகள் சார்ட்டில் அதிகம் தப்பு வர்றது இந்த இடத்துலதான். ஒரு நாட்டுக்கு ஒரு சுழி கூடிப்போனா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதனால கடைசியில கூட்டிப் பாருங்க. ஆப்பிரிக்கா மொத்தம் 2024-க்கு சுமார் 151.5 கோடி வரணும்.

கூட்டும்போது இன்னொரு பொறி இருக்கு. ஆப்பிரிக்கா என்று வடிகட்டினா 54 நாடு வராது, 58 வரி வரும். பிரான்சின் வசம் இருக்கும் ரீயூனியன், மயோட், பிரிட்டனின் செயின்ட் ஹெலினா, அப்புறம் மேற்கு சஹாரா. இந்த நாலும் தனி வரி. போதாததுக்கு கிழக்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா என்று வட்டார வரிகளும் அதே நிரலில் இருக்கும். அவற்றையும் சேர்த்துக் கூட்டினா ஆப்பிரிக்கா 300 கோடியைத் தாண்டிடும். "டைப்" நிரலில் நாடு என்பதை மட்டும் வடிகட்டுங்க.

பெயர்களும் காலை வாரும். டான்சானியா "யுனைடெட்" என்று தொடங்கும், அதனால அகர வரிசையில் கீழே போயிடும். ஸ்வாசிலாந்து 2018-லிருந்து எஸ்வாத்தினி. காங்கோ இரண்டு: கின்ஷாசாவைத் தலைநகரா கொண்டது 10.93 கோடி, பிராசவில் காங்கோ 63 லட்சம்தான். நைஜர், நைஜீரியா, கினி, கினி-பிசாவ், ஈக்குவடோரியல் கினி. வி-லுக்கப் (ஒரு தாளில் உள்ள எண்ணை இன்னொரு தாளுக்குத் தேடி எடுக்கிற எக்செல் ஃபங்ஷன்) போடுறதா இருந்தா பெயரை வச்சுப் போடாம நாட்டுக் குறியீட்டு எண்ணை வச்சுப் போடுங்க. நைஜர் 562, நைஜீரியா 566, பெரிய காங்கோ 180, சின்ன காங்கோ 178.

சரிபார்க்க முதல் பத்து, 2024 ஜூலை, கோடியில்: நைஜீரியா 23.27, எத்தியோப்பியா 13.2, எகிப்து 11.65, காங்கோ ஜனநாயகக் குடியரசு 10.93, டான்சானியா 6.86, தென்னாப்பிரிக்கா 6.4, கென்யா 5.64, சூடான் 5.04, உகாண்டா 5.0, அல்ஜீரியா 4.68. முதல் நாலு நாட்டிலேயே கண்டத்தின் 39 சதவீதம் பேர் இருக்காங்க. பத்தும் சேர்ந்தா 61 சதவீதம். மீதி 44 நாடும் சேர்ந்து மிச்ச 39. சார்ட்டில் 54 வரியும் ஒரே அளவு எழுத்தில் போட்டா இந்த விஷயம் அமுங்கிப்போகும், பாத்துக்கிடுங்க.

---

வள்ளியாறு

அண்ணாச்சி மூலத்தைச் சொல்லிவிட்டார். நான் வளர்ச்சி வீதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் 2001-ல் 16,76,034. 2011-ல் 18,70,374. வித்தியாசத்தை 2001 எண்ணால் வகுத்தால் 11.6 சதவீதம். இது பத்தாண்டு வளர்ச்சி. இந்தியக் கணக்கெடுப்பு அறிக்கைகள் இப்படித்தான் எழுதும். உலக அட்டவணைகள் ஓராண்டு வீதத்தை எழுதும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடவே கூடாது.

கொண்டுவர ஒரே சூத்திரம் போதும். பிந்தைய எண்ணை முந்தைய எண்ணால் வகுத்து, அதன் இயல் மடக்கை எடுத்து, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். எக்செல்லில் எல்.என். என்ற ஃபங்ஷன். குமரிக்கு: 1.116-இன் மடக்கை 0.1097, பத்தால் வகுத்தால் 1.1 சதவீதம். ஆப்பிரிக்காவின் 2.3-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எண் இதுதான். மறுபக்கமாகவும் காட்டலாம். ஆண்டுக்கு 2.3 வீதம் பத்தாண்டு ஓடினால் 26 சதவீதம் ஆகும். ஆக, பத்தாண்டுக் கணக்கில் குமரி 11.6, ஆப்பிரிக்கா 26. காங்கோ ஜனநாயகக் குடியரசு 3.3 வீதம், பத்தாண்டில் 39. பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வகை சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

11.6-ஐ நேரே பத்தால் வகுத்தால் 1.16 வருமே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மெதுவாக வளரும் இடத்தில் தெரியாது. வேகமாக வளரும் நாட்டில் போட்டுப் பாருங்கள். டான்சானியாவில் 2012 கணக்கெடுப்பில் 4.49 கோடி, 2022-ல் 6.17 கோடி. கூடியது 37.4 சதவீதம். பத்தால் வகுத்தால் 3.74. சூத்திரப்படி 3.2. அந்நாட்டு அரசு அறிவித்ததும் 3.2-தான். கூடின மக்களும் பிள்ளை பெறுகிறார்கள், வட்டிக்கு வட்டி மாதிரி. அதனால்தான் நேரடியாக வகுக்கக் கூடாது.

ஆண்டு இடைவெளியிலும் கவனம் வேண்டும். நம் கணக்கெடுப்பு மார்ச் 1-ஐ வைத்து, 2001-லும் 2011-லும் சரியாகப் பத்தாண்டு இடைவெளியில் வந்ததால் பத்தால் வகுத்தே நமக்குப் பழகிவிட்டது. கானாவைப் பாருங்கள். 2010 செப்டம்பர் 26 இரவு ஒரு கணக்கெடுப்பு: 2,46,58,823. அடுத்தது 2021 ஜூன் 27 இரவு: 3,08,32,019. இடைவெளி பத்தும் இல்லை, பதினொன்றும் இல்லை, 10.75 ஆண்டு. சரியாகப் போட்டால் 2.08 சதவீதம். பத்தால் வகுத்தால் 2.23, பதினொன்றால் வகுத்தால் 2.03. உகாண்டாவில் 2014 ஆகஸ்டிலும் 2024 மே மாதத்திலும் எடுத்தார்கள், இடைவெளி 9.7 ஆண்டு. 3.46 கோடி 4.59 கோடியானது ஆண்டுக்கு 2.9 சதவீதம். மொராக்கோ மட்டும் 2014 செப்டம்பர், 2024 செப்டம்பர் என்று பிசகாமல் பத்தாண்டு. 3.38 கோடி 3.68 கோடியாகி, வீதம் 0.84. நம் மாவட்டத்தை விடவும் குறைவு, இதைக் கட்டாயம் சார்ட்டில் போடுங்கள். ஆப்பிரிக்கா என்றாலே வெடித்துப் பெருகுது என்கிற நினைப்புக்கு வட ஆப்பிரிக்கா நல்ல பதில்.

(நமக்கும் அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ வைத்து. இடைவெளி 16 ஆண்டு. அப்போது "பத்தாண்டு வளர்ச்சி" என்று பழக்கதோஷத்தில் எழுதும் செய்திகளுக்குப் பஞ்சமிருக்காது.)

இரட்டிப்பு ஆகும் காலம் வேண்டுமானால் 70-ஐ வீதத்தால் வகுக்கவும். குமரிக்கு 64 ஆண்டு, ஆப்பிரிக்காவுக்கு 30, பெரிய காங்கோவுக்கு 21. ஆனால் அதன் தலைப்பில் "இதே வீதம் நீடித்தால்" என்று எழுதாமல் விடாதீர்கள். வீதம் நீடிக்காது. ஐ.நா.வே பெரிய காங்கோ 2050-ல் 22 கோடியை ஒட்டி இருக்கும் என்கிறது. அதாவது இரட்டிப்புக்கு ஏறக்குறைய 26 ஆண்டு.

---

முட்டம்_லைட்ஹவுஸ்

எகிப்து, உகாண்டா கேள்விக்கு இன்னும் யாரும் வரல. நான் சொல்றேன்.

உகாண்டா: 4.59 கோடி என்பது 2024 மே கணக்கெடுப்பில் ஆளாளா எண்ணிக் கிடைத்தது. 5 கோடி ஐ.நா. போட்டது. ஐ.நா. பதிப்பு அதே ஜூலையில வந்ததால இந்தக் கணக்கெடுப்பு அதுல ஏறல. அடுத்த பதிப்பில் பழைய ஆண்டுகளையும் சேர்த்துத் திருத்துவாங்க.

எகிப்து: ஐ.நா. 11.65 கோடி. அந்நாட்டுப் புள்ளியியல் அமைப்பு 2024 நவம்பரில் சொன்னது 10.7 கோடி. கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் வித்தியாசம், இது சின்ன விஷயமில்ல. இதோட இன்னொரு எண்ணும் ஊர் சுத்துது. 2017 கணக்கெடுப்பில் நாட்டுக்குள்ள 9.48 கோடி, வெளிநாட்டில் 94 லட்சம். இரண்டையும் கூட்டி 10.42 கோடின்னு தலைப்புச் செய்தி போட்டாங்க. அதை எடுத்து "2017 மக்கள்தொகை"ன்னு எழுதிட்டு, பின்னால வந்த 2020 எண்ணைப் பார்த்தா (2020 பிப்ரவரியில்தான் உள்நாட்டுத் தொகை 10 கோடியைத் தொட்டுச்சு) மக்கள் குறைஞ்ச மாதிரி தெரியும். குறையல, முதல் எண்ணில் துபாயிலயும் குவைத்திலயும் இருக்கிறவங்களும் சேர்ந்திருந்தாங்க.

இது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு சுலபமா புரியும். கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல. அவங்க பேர் ரேஷன் கார்டில் இருக்கலாம், ஓட்டர் லிஸ்டில் இருக்கலாம், ஆனா கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளிநாட்டில் இருந்தா மாவட்டத் தொகையில் வரமாட்டாங்க. மாவட்டத்தில் 2011-ல் ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண் என்று வந்ததில் இதுக்கும் பங்கு உண்டு.

யாரை எண்ணுறதுங்கிறதும் நாட்டுக்கு நாடு மாறும். கானாவில் கணக்கெடுப்பு இரவுன்னு ஒண்ணு குறிச்சு, அந்த ராத்திரி நாட்டுக்குள்ள எங்க தங்கினாங்களோ அங்க எண்ணுவாங்க. இங்க பிப்ரவரியில் மூணு வாரம் வீடு வீடாப் போய், வழக்கமா அந்த வீட்டில் வசிக்கிறவங்களை எண்ணுவாங்க. தூத்தூர்ல இருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குற ஆட்களை இந்த இரண்டு முறையில் எங்க, எப்படி எண்ணுவாங்கன்னு பிள்ளைகளையே யோசிக்க விடுங்க. முறை மாறினா எண் மாறும்னு தானா விளங்கும்.

இப்ப பெரிய விஷயம். எண்ணியே பார்க்காத நாடுகள் இருக்கு. பெரிய காங்கோவில் கடைசிக் கணக்கெடுப்பு 1984, அப்ப சுமார் 3 கோடி. இன்னைக்கு 10.93 கோடி என்பது நாற்பது வருஷமா மாதிரிக் கணக்கெடுப்பும் கணிதமும் வச்சு நகர்த்தின எண். எரித்ரியா 1993-ல் சுதந்திரம் வாங்கின பிறகு ஒரு முறைகூட எடுக்கல. சூடானில் கடைசி 2008, நாடு பிரியுறதுக்கு முன்னால. எத்தியோப்பியா 2007. நைஜீரியா 2006, அப்ப 14.04 கோடி.

நைஜீரியா கதை தனி. மத்திய அரசு வருமானத்தைப் பங்கு வைக்கிறதும் நாடாளுமன்ற இடங்களும் தலைக்கணக்கை ஒட்டியே நடப்பதால, ஒவ்வொரு பகுதிக்கும் தன் தொகை கூடுதலா வரணும். 1962 கணக்கெடுப்பை ரத்து செஞ்சு 1963-ல் திரும்ப எடுத்தாங்க. 1973-ல் எடுத்ததும் ரத்து. 2023-ல் எடுக்க நாள் குறிச்சு அதுவும் தள்ளிப்போச்சு. நம்ம நாட்டில் மக்களவை இடங்களை 1971 தொகையிலேயே நிறுத்தி வச்சிருக்கிறதும், தொகுதி மறுவரையறைன்னா தமிழ்நாட்டில் சூடு பறக்கிறதும் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு இது அந்நியமா தோணாது.

எண்ணின நாட்டிலும் விடுபடும். தென்னாப்பிரிக்கா 2022-ல் 6.2 கோடி என்று அறிவிச்சது. எண்ணி முடிச்ச பிறகு ஒரு மாதிரிச் சோதனை பண்ணி, 31 சதவீதம் பேர் விட்டுப்போனதா கண்டு, அதை ஈடுகட்டித்தான் அந்த 6.2 கோடி.

இன்னொண்ணு. ஐ.நா. பதிப்புகளைக் கலக்காதீங்க. 2022 பதிப்பில் நைஜீரியாவுக்கு 2023 எண் 22.38 கோடி. 2024 பதிப்பில் அதே 2023-க்கு 22.79 கோடி. பழைய பதிப்பில் 2023-ம் புதுப் பதிப்பில் 2024-ம் எடுத்து வளர்ச்சி போட்டா ஏறக்குறைய 3.9 சதவீதம் வரும். உண்மை 2.1. இரண்டு வருஷத்தையும் ஒரே கோப்பிலிருந்து எடுங்க. எதிர்காலக் கணிப்புக்கும் இதே கதிதான்: நைஜீரியாவின் 2050 தொகை 2019 பதிப்பில் 40.1 கோடி, 2022-ல் 37.5 கோடியை ஒட்டி, 2024-ல் 35.9 கோடி. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இன்னும் 40 கோடிதான் இருக்கு.

---

தக்கலை_டீச்சர்

மூவருக்கும் நன்றி. 2024 பதிப்பே எடுத்துக்கொள்கிறோம். அட்டவணையில் "கடைசிக் கணக்கெடுப்பு ஆண்டு" என்று ஒரு நிரல் சேர்த்தால் பிள்ளைகள் தாங்களாகவே எது எவ்வளவு நம்பகம் என்று பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் புதுக் கேள்வி. சாட் நாட்டுக்கு 2024-ல் வளர்ச்சி 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சூடானுக்கு 1-க்கும் கீழே. மொரீஷியஸ் மைனஸில் போகிறது. பிறப்பு விகிதம் ஒரே ஆண்டில் இப்படித் தாவுமா? வட்டம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

குழித்துறை_வாசகர்

கடைசிக் கணக்கெடுப்பு ஆண்டு என்ற நிரல் மிக நல்ல யோசனை டீச்சர். மேலே நைஜீரியா முதல் அல்ஜீரியா வரை கொடுத்த முதல் பத்து நாட்டுக்கு அதே வரிசையில்: 2006, 2007, 2017, 1984, 2022, 2022, 2019, 2008, 2024, 2022.

சாட், சூடான் விஷயத்தில் பிறப்பு தாவவில்லை. வளர்ச்சி என்பது பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து, வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்தது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கி, லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி சாட்டுக்குப் போனார்கள். சாட்டின் இயற்கை வளர்ச்சியே (பிறப்பிலிருந்து இறப்பை மட்டும் கழித்தது) 3 சதவீதத்துக்கு மேல், அதன்மேல் அகதிகள் சேர்ந்து 5. சூடானில் பிறப்பு வழக்கம்போல இருந்தும் வெளியேற்றம் அந்த வளர்ச்சியில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது. இந்தக் கோப்பில் இயற்கை வளர்ச்சிக்கும் நிகர இடப்பெயர்ச்சிக்கும் தனித்தனி நிரல் இருக்கிறது. இந்த இரு நாட்டுக்கு மட்டும் அவற்றையும் எடுத்து எழுதினால் போதும். ஓராண்டு வீதத்தை வைத்து 54 நாட்டை வரிசைப்படுத்தினால் சாட் முதலில் வரும், பார்ப்பவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். ஐந்தாண்டு சராசரி எடுப்பது பாதுகாப்பு.

ஒரு சிறு எச்சரிக்கை: கோப்பில் உள்ள வளர்ச்சி வீதம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. ஜூலைத் தொகைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே கணக்கிட்டால் இரண்டாம் தசமத்தில் பிசகும். சாட் போன்ற இடத்தில் இன்னும் கூடுதலாக. தவறு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

மொரீஷியஸ் வேறு கதை. அங்கே பெண்ணுக்குச் சராசரி குழந்தை ஒன்றரைக்கும் கீழ். தமிழ்நாட்டின் 1.8-ஐ விடவும் (2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு) குறைவு. பெரியவர்கள் பங்கு கூடி, பிறப்பை இறப்பு எட்டிப்பிடித்துவிட்டது. தொகை சுமார் 12.7 லட்சத்தில் நின்று மெல்ல இறங்குகிறது. மறுமுனையில் நைஜர், சாட், சோமாலியா: பெண்ணுக்கு ஆறு குழந்தையை ஒட்டி. மொராக்கோ 2024 கணக்கெடுப்பில் 1.97, அதாவது ஈடுசெய்யும் மட்டமான (பெற்றோர் தலைமுறையின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்பப் போதுமான) 2.1-க்குக் கீழே. ஆனாலும் மொராக்கோ தொகை குறையவில்லை, காரணம் வயது அமைப்பு. முன்பு பிறந்த பெரிய தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பெறுபவர்கள் எண்ணிக்கை அதிகம். ஆப்பிரிக்காவின் நடுவயது (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) சுமார் 19, இந்தியாவுக்கு 28-ஐ ஒட்டி. கண்டத்தில் பெண்ணுக்குச் சராசரி 4 குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது, வளர்ச்சி வீதமும் 1980-களை விடக் குறைவு. ஆனாலும் ஆண்டுதோறும் கூடும் தலைகள் இப்போதுதான் அதிகம். 151 கோடியில் 2.3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு சுமார் மூன்றரைக் கோடி. வீதத்துக்கு ஒரு நிரல், கூடிய ஆட்களுக்கு ஒரு நிரல் என்று இரண்டையும் வையுங்கள்.

உங்கள் மாவட்டத்தை அட்டவணையில் சேர்ப்பதானால் கீழ்முனையில் சேருங்கள், அங்கேதான் சுவாரஸ்யம். 2011-லேயே 18.7 லட்சம். சிஷெல்ஸ் 1.3 லட்சம், சாவோ டோமே 2.4 லட்சம், கேப் வெர்டே 5.2 லட்சம், கொமொரோஸ் 8.7 லட்சம், ஜிபூட்டி 11.7 லட்சம், எஸ்வாத்தினி 12.4 லட்சம், மொரீஷியஸ் 12.7 லட்சம். 2024 எண்களோடு ஒப்பிட்டாலும் ஏழு நாடுகள் குமரியை விடச் சிறியவை. எட்டாவதாக ஈக்குவடோரியல் கினி 18.9 லட்சம், அதை விட்டுவிடுங்கள். 2011-ஐயும் 2024-ஐயும் வைத்து இவ்வளவு நெருக்கமான எண்களில் பெரியது சிறியது சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவிலேயே நெருக்கமான நாடு மொரீஷியஸ், சதுர கி.மீ.க்கு 600-க்குச் சற்று மேல். குமரியில் 1,111. நமீபியாவில் நான்கு பேர்கூட இல்லை.

---

கோட்டாறு_எண்கணக்கு

வட்டம் பாக்கி. நைஜீரியா மூடிடுதுன்னா பிள்ளைகள் ஆரத்தையே தொகைக்கு ஏத்தபடி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். கானாவை விட நைஜீரியா 6.8 மடங்கு. ஆரத்தை 6.8 மடங்கு ஆக்கினா பரப்பு 46 மடங்கு ஆயிடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். அதனால ஆரத்துக்கு வர்க்கமூலம் எடுக்கணும்.

சாதாரண சார்ட் தாள் 56-க்கு 71 செ.மீ. அதில் ஆப்பிரிக்காவை 50 செ.மீ. உயரத்துக்கு வரைஞ்சா 1 செ.மீ. சுமார் 160 கி.மீ. இந்த அளவுக்கு ஆரம் = 0.6 செ.மீ. × கோடியில் உள்ள தொகையின் வர்க்கமூலம். நைஜீரியாவுக்கு 2.9 செ.மீ., எத்தியோப்பியாவுக்கு 2.2, எகிப்துக்கும் பெரிய காங்கோவுக்கும் 2, கானாவுக்கு 1.1. நைஜீரியா படத்தில் ஏழு செ.மீ. அகலம் இருக்கும், வட்டத்தின் விட்டம் 5.8, உள்ளே அடங்கிடும். ருவாண்டா, புருண்டி இரண்டுக்கும் ஆரம் 0.7, நாடுகள் சின்னது, ஒண்ணோடொண்ணு முட்டும். டோகோ, பெனினும் அப்படித்தான். இந்த நாலையும் கடல் பக்கமா இழுத்து வச்சு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. ருவாண்டா, புருண்டிக்கு இந்தியப் பெருங்கடல், மத்த இரண்டுக்கும் கினி வளைகுடா. மொரீஷியஸ் 2 மி.மீ., அது தெரியும். சிஷெல்ஸ் ஒரு மி.மீ.கூட வராது. 5 லட்சத்துக்குக் கீழே உள்ள நாட்டுக்கு ஒரு சின்ன முக்கோணம் போட்டு, "அளவுக்கு வரையப்படவில்லை"ன்னு குறிப்பில் எழுதிடுங்க.

வட்டம் தொகைக்கு, நிறம் வளர்ச்சி வீதத்துக்கு. தொகைக்கு நிறம் அடிச்சா பரப்பில் பெரிய நாடெல்லாம் கூட்டமா இருக்கிற மாதிரி காட்டும். நிறத்துக்கு நாலு வகுப்பு போதும்: 1-க்குக் கீழ், 1 முதல் 2, 2 முதல் 3, 3-க்கு மேல். சரியா 2.0-ல் நிக்கிற நாட்டை எந்த வகுப்பில் போடுறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க, கென்யா அந்த எல்லையில்தான் நிக்குது. தென்னாப்பிரிக்கா, அல்ஜீரியா, எகிப்து இரண்டாவது வகுப்பு. பெரிய காங்கோ, நைஜர், அங்கோலா, சோமாலியா கடைசி வகுப்பு. மேற்கு சஹாராவுக்கு நிறம் கொடுக்காம சாய்கோடு போடுங்க.

கடையில் வாங்குற எல்லைக்கோட்டு வரைபடத்தை ஒட்டுறதுக்கு முன்னால சூடானைப் பாருங்க. தெற்கு சூடான் பிரிஞ்சது 2011 ஜூலை 9. பழைய அச்சு இன்னும் விற்பனையில் இருக்கு, அதில் சூடான் ஒரே துண்டா இருக்கும். அப்படி இருந்தா பென்சிலால எல்லையைப் போட்டுக்கிட்டு அப்புறம் நிறம் அடிக்கச் சொல்லுங்க.